அத்தை முணுமுணுத்த மெட்டு

எங்கள் அத்தைக்கு ஒரே ஒரு பாட்டுதான் தெரியும். தெரியும் என்று சொல்வதும் சரியில்லை, அதன் வார்த்தைகளை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. பாத்திரம் துலக்கும்போதோ, முருங்கைக்கீரை உருவும்போதோ, கரண்ட் போன ராத்திரியில் திண்ணையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதோ, உதடு பிரியாமல் ஒரு மெட்டு வரும். நாலு அடி போகும். நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து. சின்ன வயதில் அதை ஏதோ தாலாட்டு என்று நினைத்திருந்தேன். அந்த மெட்டில்தான் என்னைத் தூங்க வைத்திருக்கிறாள், அதனால் அப்படி நினைத்ததில் தப்பில்லை.

வேலூரில் கல்லூரி படிக்கும்போது ஹாஸ்டலில் ஒருத்தியின் போனில் அந்த மெட்டு ஓடியது. இந்த முறை வார்த்தைகளோடு. ஓடிப்போய்ப் பார்த்தேன். 'தேன் நிலவு', 1961. பாட்டு 'பாட்டுப் பாடவா'. எழுதியது கண்ணதாசன். இசையும் குரலும் ஏ.எம். ராஜா. அந்த வார லீவில் அணைக்கட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் போனில் போட்டுக் காட்டினேன்.

"அத்த, இது உன் பாட்டுதான?"

"எந்தப் பாட்டுடி? நான் எங்க பாட்டு பாடினேன்?"

"தினமும் முணுமுணுக்கிறியே!"

"மூச்சு வுடறதெல்லாம் பாட்டா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அறுபது வருடத்துக்கு மேலான ஒரு சினிமாப் பாட்டு ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தது அந்தப் பதிலால்தான். 'பழைய பாட்டுன்னாலே இனிமை, இப்ப வர்றதெல்லாம் இரைச்சல்' என்ற பேச்சு எனக்கு எப்போதுமே அலுப்பு. 1961இல் வந்த பாட்டுகளில் பெரும்பாலானவை செத்துப்போய்விட்டன, அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. இது மட்டும் ஏன் சாகவில்லை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அரக்கோணம், கொழும்பு, பிட்ஸ்பர்க் என்று எங்கெங்கோ போய், கடைசியில் ஆம்பூருக்குப் போகும் ஒரு கம்பெனி வண்டியில் வந்து நின்றது.

*

1961இல் இரண்டு நிலவுகள் வந்தன. ஒன்று நம் தேன் நிலவு. இன்னொன்று அமெரிக்காவில் 'ப்ளூ மூன்'. பாடியவர்கள் தி மார்செல்ஸ் என்ற குழு, எஃகு ஆலைகளுக்குப் பேர்போன பிட்ஸ்பர்க் நகரத்துப் பையன்கள் ஐந்து பேர். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம். இங்கிலாந்திலும் முதலிடம். இன்றைக்கும் டூ-வாப் என்று தேடினால் முதலில் வந்து விழும் காதல் பாட்டுகளில் அது ஒன்று.

டூ-வாப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 1940களிலும் 50களிலும் அமெரிக்க நகரங்களில் கறுப்பினப் பையன்கள் தெருமுனையில் நின்று பாடிய பாட்டு. தென்மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு ஆலை வேலைக்காக வடக்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர். கிடார் வாங்கக் காசு கிடையாது. அதனால் வாத்தியத்தின் வேலையையும் வாயே பார்த்தது. ஒருவன் முன்பாட்டு. மூன்று நான்கு பேர் பின்னால் நின்று அர்த்தமே இல்லாத ஓசைகளைக் குரல் சேர்த்துப் பாடுவார்கள். அடிக்குரல்காரன் ஒருவன் தவில் மாதிரி வாயாலேயே தாளம் போடுவான். எதிரொலி கிடைக்கும் இடமாகப் பார்த்து நிற்பார்கள், மாடிப்படிக்கட்டு, சுரங்க ரயில் நிலையம், பள்ளிக்கூடக் கக்கூஸ்கூட. டூ-வாப் என்ற பெயரே அந்த அர்த்தமில்லாத ஓசைகளில் ஒன்றுதான். அந்தச் சொல் இவ்வகைப் பாட்டுக்குப் பெயராக அச்சில் வந்ததும் 1961இல்தான் என்கிறார்கள், சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையில், இதே 'ப்ளூ மூன்' பாட்டைப்பற்றிச் சொல்லும்போது.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். தெருக்கூத்தில் பின்பாட்டு இருக்கிறதில்லையா, அதுதான். கட்டியங்காரனோ வேஷக்காரனோ ஓர் அடி பாடினால் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அதை வாங்கி இழுப்பார்கள். அந்த இழுப்பில் வார்த்தை கரைந்து வெறும் 'ஆ'வாகிவிடும். திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தை ராத்திரி முழுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலையில் கதை காதில் ஏறாது, பின்பாட்டுதான் தூக்கிக்கொண்டு போகும்.

மார்செல்ஸ் பாடியது அவர்களுடைய சொந்தப் பாட்டு கிடையாது. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் போட்ட 1930களின் மெட்டு. அதற்கு லோரன்ஸ் ஹார்ட் ஒரு சினிமாவுக்காக வார்த்தை எழுதினார், எடுபடவில்லை. வேறு வார்த்தை எழுதினார். மறுபடி வேறு. நான்காவது தடவைதான் நிலவு வந்தது. பதிப்பாளர் சாதாரண ஜனங்கள் பாடுகிற மாதிரி ஏதாவது எழுதித் தா என்று கேட்டு வாங்கினாராம். அந்த மெட்டு தனக்கான வார்த்தை வருகிறவரை சும்மா காத்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் தத்தகாரம் நினைவுக்கு வந்தது. தமிழ் சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு 'தானன தானன' என்று பாடிக் காட்டுவார். கவிஞர் அந்தத் தானனத்துக்கு வார்த்தை உட்காரவைப்பார். ஆக நம் காதல் பாட்டுகளில் பாதிக்கு மேல் பிறக்கும்போது அர்த்தம் இல்லாத ஓசையாகத்தான் பிறக்கின்றன. அத்தை வாயில் அந்தப் பாட்டு மறுபடி தானனமாகத் திரும்பிப் போயிருந்தது.

*

ஏ.எம். ராஜா எங்கள் பக்கத்து ஆள் என்று சொன்னால் தெலுங்குக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். 1929 ஜூலை 1இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். அந்த மாவட்டமே 1911இல்தான் உருவானது, அதன் பெரும்பகுதி அதுவரை வட ஆற்காட்டில் இருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். பையன் படித்தது அரக்கோணத்தில், அதாவது வட ஆற்காட்டிலேயே. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. கல்லூரியில் பாட்டுப் போட்டிகள், எச்.எம்.வி. இசைத்தட்டு, வானொலி. ஜெமினி எஸ்.எஸ். வாசனின் காதில் அந்தக் குரல் விழுந்து 1951இல் 'சம்சாரம்' படத்தில் பாடினார். அங்கிருந்து பத்து வருடம் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று அவர் போகாத இடமில்லை.

அந்தக் குரலில் என்ன புதுசு என்று புரிய, அதற்கு முன்னால் இருந்த குரல்களைக் கேட்க வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா, எம்.கே. தியாகராஜ பாகவதர் எல்லாம் மேடையில் வளர்ந்தவர்கள். மைக் இல்லாத காலத்துக் கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும், அதனால் குரல் உச்சத்தில் நிற்கும். எங்கள் கூத்துக்காரர்களும் அப்படித்தான், வயல்வெளியைத் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்டால்தான் அவன் ஆட்டக்காரன். அந்தக் குரலில் காதலைச் சொன்னால் அது ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். மைக் வந்த பிறகு பாடகன் கத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி மாதிரி ஆட்கள் 1930களிலேயே காதோடு பேசுகிற மாதிரி பாட ஆரம்பித்துவிட்டார்கள். தமிழில் அந்த மாற்றத்தை முழுசாகக் கொண்டுவந்த ஆண் குரல் ராஜாவுடையது என்பது என் கருத்து. கண்டசாலாவைச் சொல்பவர்களும் உண்டு, சண்டை போட மாட்டேன்.

1955இல் 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனுக்காகப் பாடினார், இரண்டு பேருமே ஒருவருக்காக ஒருவர் பிறந்த மாதிரி பொருந்திப்போனார்கள். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் பானுமதியோடு சேர்ந்து எம்.ஜி.ஆருக்கு. ராஜாவின் குரலில் எம்.ஜி.ஆரைப் பார்த்தால் வாளை வெளியே வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தவர் மாதிரி இருப்பார். பின்னால் டி.எம். சௌந்தரராஜன் அந்த இடத்துக்கு வந்தார், எம்.ஜி.ஆர் மறுபடி வாளை எடுத்துக்கொண்டார்.

ஸ்ரீதர் முதல்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' (1959) படத்துக்கு ராஜாதான் இசை, இசையமைப்பாளராகத் தமிழில் அவருக்கும் அது முதல் படம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டெழுதினார். அந்த வருடம் அக்டோபரில் பட்டுக்கோட்டையார் இருபத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார். நவம்பர் 1ஆம் தேதி பாகவதர் போனார். வருடங்களை இப்படிக் கோர்த்துப் பார்ப்பது கொஞ்சம் ஜோசியம் மாதிரிதான், ஆனாலும் பாகவதரின் உச்சக்குரல் அடங்கிய அதே வருடம் ராஜாவின் தணிந்த குரல் தெருவெல்லாம் கேட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் 'தேன் நிலவு'. ஸ்ரீதரின் சொந்த நிறுவனமான சித்ராலயாவின் முதல் படம். காஷ்மீர், ஜெமினி, வைஜயந்திமாலா, வின்சென்ட் கேமரா. கதை லேசானது, பெரிதாக எதையும் சொல்லவில்லை. பாட்டுகள்தான் படம். சுசீலாவோடும் ஜானகியோடும் ராஜாவின் ஜோடிப் பாட்டுகள், அவர் மனைவி ஜிக்கிக்கு ஒரு தனிப்பாட்டு, 'பாட்டுப் பாடவா' ராஜாவுக்குத் தனி. ஜானகியோடு பாடிய 'ஓஹோ எந்தன் பேபி'யின் பெயரைப் பாருங்கள். ஓர் அர்த்தமில்லாத ஓசை, நடுவில் நல்ல தமிழ், கடைசியில் இங்கிலீஷ். பிட்ஸ்பர்க் பையன்களிடம் காட்டியிருந்தால் உடனே சொந்தம் கொண்டாடியிருப்பார்கள்.

ஆனால் என் கவனம் மற்ற பாட்டின் மேல்தான். 'பாட்டுப் பாடவா' என்ற பெயரே கேள்வி. அனுமதி கேட்கிறது. தமிழ் சினிமாவில் அதற்கு முன்னும் பின்னும் ஆண்கள் காதலிகளை வர்ணித்திருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், துரத்தியிருக்கிறார்கள். பாடலாமா என்று கேட்டுவிட்டுப் பாடியவர்கள் குறைவு. மெட்டும் அப்படித்தான், மேலே ஏறி யாரையும் அசத்தப் பார்க்காது, பேச்சு போகிற உயரத்திலேயே போகும். சங்கீதம் தெரியாதவர்களாலும் முணுமுணுத்துவிட முடியும். அதற்கு எங்கள் அத்தையே சாட்சி.

*

காஷ்மீரில் எடுத்த பாட்டு ஜவ்வாது மலைப்பக்கத்துக்கு எப்படி வந்தது?

பி.வி. கேஸ்கர் என்று ஒரு மந்திரி இருந்தார். 1952இலிருந்து பத்து வருடம் தகவல் ஒலிபரப்புத் துறை அவர் கையில். சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்று அவருக்கு எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றேபோனது. சாஸ்திரீய சங்கீதம் கேட்டு நாடு திருந்தும் என்று அவர் காத்திருந்தார். நாடு ஊசியைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டது. 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று என்றாலும், கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பு பிடித்த இடத்தை அது சுலபத்தில் பிடிக்கவில்லை. எழுபதுகளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களுக்கு எங்கள் தாத்தா வீட்டில் இருந்த மரியாதை தாசில்தாருக்குக்கூட இருந்திருக்காது.

தாத்தா பேர்ணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து மயிர் நீக்குவது, ஆவாரம்பட்டைத் தண்ணியிலும் கடுக்காய்த் தண்ணியிலும் போட்டு எடுப்பது. கை விரலெல்லாம் வெந்துபோய் வெளுத்திருக்கும். அந்தக் கையால் ரேடியோ திருப்பினால் நழுவுகிறது என்று முள் குச்சியால் திருகுவாராம். ஆயா சொன்னது. நாங்கள் காலனி. தோல் வேலை எங்கள் ஆட்கள் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பது தனிக் கதை. சுருக்கமாகச் சொன்னால், செத்த மாட்டைத் தூக்கச் சொன்ன ஊர், அதே தோல் ஏற்றுமதியாகிக் காசானபோதும் குழிக்குள் இறங்குகிற வேலையை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தது.

எழுபதுகளில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதைக் கட்டுப்படுத்தியது. தோலை முழுசாகப் பதனிடு, செருப்பாகவோ ஷூவாகவோ தைத்து அனுப்பு என்றது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஷூ கம்பெனிகள் முளைத்தன. தையல் மிஷினுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. 1980களின் நடுவில் அத்தை அப்படித்தான் வேலைக்குப் போனாள். இருபது, இருபத்தொரு வயது. அப்பர் தைக்கிற லைன். காலை ஆறு மணிக்கு வண்டி, பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டி ஆம்பூர்.

அந்த வண்டியைப்பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர் இருந்த காலம் அது. கோயிலுக்குள் போக முடியாது. ஆனால் கம்பெனி வண்டியில் இடம் இருக்கிற சீட்டில்தான் உட்கார முடியும். ஊர்க்காரியும் காலனிக்காரியும் தோள் இடிக்க உட்கார்ந்து, ஒரே மாதிரி தூங்கி விழுந்துகொண்டு போனார்கள். டிரைவர் டேப்ரெக்கார்டர் வைத்திருந்தார். ஒரு கேசட் தேய்கிறவரை அதையேதான் போடுவாராம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ் கலந்த கேசட்.

*

மீதியை எனக்குச் சொன்னது அம்மா. அத்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள்.

"கட்டிங்ல ஒருத்தன் இருந்தான். ஊர்ப்பக்கத்து ஆளு. நல்ல புள்ள. இவகிட்ட ஒரு வார்த்த பேசனது கெடையாது. வண்டி நம்ம ஸ்டாப்புல வந்து நின்னா அந்தப் பாட்ட சீட்டியடிப்பான். இவ ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா. சாயந்தரம் எறங்கும்போது இவ முணுமுணுத்துக்கினு எறங்குவா. அவ்ளோதான். அதுக்குமேல ஒன்னும் கெடையாது."

"அவ்ளோதானா?"

"பின்ன? அதுவே ஒரு வருஷம் ஓடுச்சு."

வார்த்தை இருந்திருந்தால் அதைப் பிடித்திருப்பார்கள். சீட்டியை யார் பிடிப்பது? கேசட்டில் ஓடுகிற பாட்டைத்தானே அடிக்கிறான், வண்டியில் எல்லாருமே முணுமுணுக்கிற பாட்டுதானே. பாடலாமா என்று அவன் கேட்டான், பாடு என்று இவள் சொன்னாள், ஐம்பது பேர் நடுவில், ஒரு வார்த்தை இல்லாமல். டூ-வாப்பின் அர்த்தமில்லாத ஓசைகளைப்பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதெல்லாம் வாத்தியத்துக்கு மாற்று என்கிறார்கள். சரிதான். ஆனால் அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. கேட்கிறவனுக்குப் புரிய வேண்டும், பக்கத்தில் நிற்கிறவன் கேட்டாலும் மாட்டக்கூடாது. அதற்கும் அந்த ஓசைதான் வேண்டியிருக்கிறது.

மார்செல்ஸ் ஐந்து பேர் என்றேனே, அதில் மூன்று பேர் கறுப்பர், இரண்டு பேர் வெள்ளையர். பிட்ஸ்பர்க்கில் அது நடந்தது. நாடு முழுக்க முதலிடம் பிடித்த பாட்டோடு அதே 1961இல் தென்மாநிலங்களுக்குச் சுற்றுப்பயணம் போனபோது நடக்கவில்லை. ஒரே மேடையில் நிற்க முடியாது, ஒரே இடத்தில் தங்க முடியாது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. அந்த ஆகஸ்டுக்குள் இரண்டு வெள்ளைக்காரப் பையன்களும் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். ரெக்கார்டில் ஐந்து குரலும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன, எது கறுப்பு எது வெள்ளை என்று கேட்டுச் சொல்ல முடியாது. பாடிய ஐந்து பேரும் ஒரு வருடம்கூடச் சேர்ந்து நிற்க முடியவில்லை. அலபாமாவும் அணைக்கட்டும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. அவரவர் கொடுமைக்கு அவரவர் கணக்கு. ஆனால் அந்தப் பாட்டை இப்போது கேட்டால் முன்னே ஓடும் அந்த அடிக்குரல் வேடிக்கையாகவே எனக்குக் கேட்பதில்லை.

வண்டிக்கு வருகிறேன். பேச்சு எப்படிக் கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அண்ணன்மார் மூன்று பேர் காலனி முகப்பில் வந்து நின்றார்கள். தாத்தா வெந்துபோன கையைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாராம். எங்கள் ஆட்களில் ஒரு பெரியவர், "பாட்டு கேட்டதுக்கு வந்து நிக்கிறீங்களா சாமி, நாளைக்கு காத்து வாங்கினாலும் வருவீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்விக்காக எங்கள் தெருவில் மூன்று கூரை எரிந்திருக்கும். எரியவில்லை. யார் யாரோ நடுவில் பேசினார்கள். அவனை பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தையை எட்டு மாசம் வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் ஒடுகத்தூர் பக்கம் சொந்தத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா நல்ல மனுஷன். அவர் போன பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டாள்.

பெங்களூருக்குப் போனவர் என்ன ஆனார் என்று அம்மாவிடம் கேட்டேன். "இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்?" என்றாள்.

*

ராஜாவின் கதையும் அதற்குப் பிறகு இறக்கம்தான். 'தேன் நிலவு'க்கு அடுத்த வருடம் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தபோது இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ராஜா, ஸ்ரீதர் உறவு முறிந்ததுபற்றிப் பல கதைகள் உலவுகின்றன. வேலையில் ராஜா ரொம்பக் கறார் என்று எல்லாக் கதையும் சொல்கிறது, அதற்கு மேல் நான் போகவில்லை. ஜெமினிக்குப் பாடுகிற இடத்துக்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் வந்தார், அவரும் தணிந்த குரல்காரர்தான், ராஜா திறந்த கதவு வழியாக வந்தவர் என்று சொன்னால் அவர் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பத்து வருடம் கழித்து ராஜா திரும்பினார். 1971இல் 'ரங்க ராட்டினம்' படத்தில் வி. குமார் இசையில் ஒரு பாட்டு, 1972இல் 'புகுந்த வீடு' படத்தில் ஜிக்கியோடு ஒரு பாட்டு. அந்தப் பாட்டைக் கேட்டால் இடையில் அவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று கோபம் வரும்.

ஜிக்கியும் அவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்ந்து பாடியவர்கள். ராஜ் கபூரின் 'ஆஹ்' படம் 1953இல் 'அவன்' என்று தமிழ் பேசியபோது அந்தப் பாட்டுகளைப் பாடியது இவர்கள்தான். சினிமா குறைந்த பிறகு இரண்டு பேரும் மெல்லிசை மேடைகளில் பாடினார்கள். 1989 ஏப்ரலில் தெற்கே ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில், திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர் ரயில் நிலையத்தில், ரயில் விபத்தில் ராஜா இறந்தார். அறுபது வயது ஆகவில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில், ராயபுரத்திலிருந்து கிளம்பி அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடியது 1856 ஜூலை 1இல், அது அவர் பிறந்த தேதி. ரயில்வே ஜங்ஷன் ஊரில் வளர்ந்த பையன். இதை எழுதிவிட்டு அழிக்கலாமா என்று யோசித்தேன், தேதிகளில் அர்த்தம் தேடக்கூடாது. இருக்கட்டும்.

ஜிக்கி 2004 வரை இருந்தார்.

பாட்டின் பெயர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. 1995இல் 'பாட்டு பாடவா' என்ற பெயரில் பி.ஆர். விஜயலட்சுமி ஒரு படம் எடுத்தார், இளையராஜா இசை. 2025 ஜூலையில் 'ஓஹோ எந்தன் பேபி' என்று ஒரு படம். அந்தப் படம் வந்த சமயத்தில் அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு அருகே சுவரில் போஸ்டர். டிராஃபிக்கில் பஸ் நின்றுவிட்டது. சொட்டு மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு அத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். முழுசாகப் படித்து முடித்ததும் சொன்னாள்:

"இதுவும் அந்தப் படத்துலதான் வருது."

நான் மெதுவாகத் திரும்பினேன். "எந்தப் படத்துல அத்த?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. பாகாயம் தாண்டுகிறவரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மூக்கிலிருந்து, எஞ்சின் சத்தத்துக்கு அடியில், நாலு அடி வந்தது.